கப்பல் விருந்தினரும் நமது கடமையும்

(மணப்பட்டில் கூடிய சங்கத்தாரிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



உல்லாசக் கப்பலேறித் துறைமுகப் பட்டினங்களைக் கண்டு களிக்கும் வழக்கம் நம் கடற்கரையையும் எட்டியுள்ளது. 2022-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் கோர்டீலியா என்னும் கப்பல் புதுவைக் கடலுக்கு வந்தும், சூதாட்டம் பற்றிய எதிர்ப்பு எழுந்தமையால், அனுமதி பெறாது திரும்பிற்று. 2025-ம் ஆண்டு ஜூலையில் அது மீண்டும் வந்து கடலில் நங்கூரமிட்டு நிற்க, பிரயாணிகள் சிறு கலங்களில் கரையேறினர். இவ்விருந்தினரால் நம் கிராமங்களுக்கு நன்மையுண்டோ, தீமையுண்டோ என்பதை இன்று ஆராயக் கடமைப்பட்டுள்ளோம்.

கப்பல் தூரத்தே நிற்றல் புதுவைக்குப் புதிதன்று. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிய பதினெட்டாம் நூற்றாண்டிலும் கப்பல்கள் கடலில் நிற்கச் சலங்குகளே சரக்கையும் மனிதரையும் கரை சேர்த்தன. 1866-ம் ஆண்டில் அமைத்த இரும்புப் பாலமும் 1952-ம் ஆண்டுப் புயலில் அழிந்தது. இவற்றிற்கு நெடுங்காலம் முன்னரே அரிக்கமேட்டில் யவன வாணிகம் நடந்தது. 1945-ல் வீலர் என்பார் அங்கே அகழ்ந்தபோது உரோமநாட்டு மட்கலங்களும் மதுச்சாடிகளும் வெளிப்பட்டன. அவ்வூரிலேயே மணிகள் செய்யும் தொழிலும் நடைபெற்றிருந்தது. ஆதலின், துறைமுகத்தின் சிறப்பு கப்பலால் மட்டும் அமைவதன்று. பின்னிருக்கும் ஊராரின் கைத்திறத்தாலும் அமைவதாம் என்பது தெளிவு.

இன்றோ, வருவோர் வெள்ளையர் வீதிகளைக் கண்டு, கடற்கரைச் சாலையில் உலாவி, அன்றே திரும்பிவிடுதல் எளிது. பாகூர் மூலநாதர் ஆலயமும், அங்குள்ள சோழர் கல்வெட்டுகளும் அவர் கண்ணிற் படுவதெங்ஙனம்? ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூர் வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்களைத் தானமளித்ததைச் செப்பேடு கூறுகின்றது. கல்விக்கு ஊர்களையே ஈந்த மண்ணில் பிறந்த நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் இதனை அறிவர்? வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேரைப் பிரெஞ்சுக் கவர்னரும் வடம் பிடித்த கதையைப் பிறர்க்கு உரைக்க வல்லார் நம்முள் எத்தனை பேர்? தாமறியாத பெருமையைப் பிறர்க்குக் காட்டுதல் இயலாது.

ஆகவே மூன்று காரியங்களைச் சங்கத்தார் முன் வைக்கின்றோம்.

முதலாவது, நம் இளைஞர்களும் பெண்மக்களும் இவ்வூர்களின் வரலாற்றைக் கற்று, தமிழிலும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எடுத்துரைக்கப் பயில வேண்டும். பிழைப்பின்றி வெளியூர் செல்வோர்க்கு இது ஒரு கண்ணியமான தொழிலாகும்.

இரண்டாவது, வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மைக்கும் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. செய்தவர் கையிலேயே விலையின் பெரும்பங்கு சேருமாறு, தரகரை விலக்கி விற்பனைக்கு வழிசெய்தல் வேண்டும்.

மூன்றாவதே அனைத்தினும் பெரிது. மணப்பட்டின் மணற்கரை அழகியது. அழகிய நிலத்தைத் தேடிப் பொருளுடையார் வருவர். கடன் தீர்க்கவும் கலியாணச் செலவிற்கும் அவசரப்பட்டு நிலத்தை விற்பவன், பின்னர் அந்நிலத்திலேயே கூலியாளாய் நிற்க நேரிடும். விற்குமுன் சங்கத்துப் பெரியோரிடம் ஒருமுறை ஆலோசியுங்கள். ஆடம்பரக் கலியாணத்தைக் குறைப்பின் விற்கும் அவசியமே பல குடும்பங்களுக்கு நேராது. கடற்கரை மீன்பிடிப்போரின் தொழிற்களமும் ஆதலால், அவர்தம் வலையும் படகும் வைக்கும் இடத்திற்கு ஊறு நேராது காத்தலும் நம் கடமையே.

விருந்தோம்பல் தமிழர் அறம். எனினும், விருந்தினருக்குத் திண்ணையைத் தருவோன் வீட்டையே எழுதிக் கொடுப்பதில்லை. குடியும் சூதும் வருமானமென்று எவரேனும் காட்டின், அவ்வருமானம் எந்த வீட்டு அடுப்பை அணைத்து வருகின்றதென்று கேளுங்கள்.

இம்மூன்றினுள் முதற்காரியத்தையேனும் வரும் கோடை விடுமுறையிலேயே தொடங்குமாறு வேண்டுகின்றோம்.