மணி கோக்கும் கை



பாட்டியாரின் அறுந்த பவளமாலை நம் வீட்டுப் பெட்டிகளில் எத்தனை முடங்கிக் கிடக்கின்றன! பிறர் கையில் கொடுக்க அஞ்சுகிறோம். நமக்கோ கோக்கத் தெரியாது. நொய்யற்கரைக் கொடுமணலில் பண்டைத் தமிழர் சூதுபவளத்தையும் பளிங்கையும் துளையிட்டு மணியாக்கினர். மேல்கடல் முசிறிக்கு வழி, நம் சித்தூர் அமைந்த பாலக்காட்டுக் கணவாயே. 2007-இல் தொடங்கிய பட்டணம் அகழாய்விலும் கல்மணிகள் மிகுதியாகக் கிடைத்தன.

தொடங்குவோர் பவளத்தைத் தொட வேண்டா. மலிவான கண்ணாடி மணி, மெல்லிய ஊசி, உறுதியான நூல் போதும். மணிகளை முதலில் துணிமேல் வரிசையாகப் பரப்புங்கள், உருண்டோடா. துளையோரம் கூராயிருப்பின் நூலை அறுக்கும். அம்மணியை இரக்கமின்றி ஒதுக்குங்கள். மணிக்கு மணி முடிச்சிடுங்கள். நூல் இருமடங்கு செல்லும், பொறுமையும் அவ்வாறே! ஆயினும் நூல் அறுந்தால் உதிர்வது ஓரிரு மணியே. இவ்வாறு இரண்டு மூன்று மாலை கோத்துக் கை பழகியபின் பாட்டியாரின் பெட்டியைத் திறக்கலாம்.