இளவயதிலும் பக்கவாதம்



பக்கவாதம் என்றதும் முதுமை, இரத்தக்கொதிப்பு, நீரிழிவு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. முப்பது வயதுப் பெண்ணுக்கு வாய் கோணி, ஒரு கை விழுந்துவிட்டால் நம்ப மறுக்கிறோம். காற்றுப் பட்டிருக்கும் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

நோய்க்கிருமிகளை எதிர்க்க நம் உடலில் ஒரு காவற்படை உண்டு. சிலருக்கு அப்படையே சொந்த உடலைப் பகையாக எண்ணித் தாக்கும். லூபஸ் இவ்வகை நோய். லூபஸ் உள்ளவர் சிலருக்கும், அது இல்லாத சிலருக்குங்கூட, இரத்தத்தை எளிதில் உறையச் செய்யும் எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன. கால் நாளத்தில் உறைந்தால் வீக்கம்; நஞ்சுக்கொடியைப் பாதித்தால் கருச்சிதைவு; மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்தால் பக்கவாதம். இவையெல்லாம் ஒரே நோயின் விளைவுகள் என்பதை 1983-இல் இலண்டனில் டாக்டர் கிரகாம் ஹியூஸ் எடுத்துக்காட்டினார். ஹியூஸ் நோய் என்றும், ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்றும் அதற்குப் பெயர்.

வருத்தம் என்னவென்றால், இந்நோய் முன்கூட்டியே காட்டும் அடையாளங்களை நாம் பெண்ணின் குறையாக்கி மறைத்துவிடுகிறோம். கர்ப்பிணிகளுக்கு மேகநோய் உண்டா என்றறிய வி.டி.ஆர்.எல். பரிசோதனை செய்வார்கள். அதில் சேரும் கார்டியோலிப்பின், மாட்டின் இதயத்திலிருந்து எடுக்கப்படுவது. மேற்சொன்ன எதிர்ப்பொருள்கள் அதனோடும் சேர்ந்துகொள்ளும். ஆகவே மேகநோயே இல்லாத பெண்ணுக்கும் 'உண்டு' என்று முடிவு வரலாம். அந்தத் தாளைக் கண்டு வீட்டில் பேசக்கூடாததைப் பேசுவார்கள். உறுதி செய்ய வேறு பரிசோதனை உண்டு. அதற்குமுன் யாரும் வாய் திறக்க வேண்டாம்! அடுத்தடுத்துக் கரு கலையும் மருமகளை ராசியில்லாதவள் என்று ஒதுக்குவதும் இப்படித்தான். அவளுக்கு வேண்டியது இரத்தப் பரிசோதனை.

எதிர்ப்பொருள் தென்பட்டால் 12 வாரங்கள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். இந்நோயால் பக்கவாதம் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் வார்பரின் மாத்திரை நீண்டகாலம் தேவைப்படும். அளவை அறிய ஐ.என்.ஆர். பரிசோதனையும் வேண்டும். சுகமாயிருக்கிறதே என்று தாமாக நிறுத்தக்கூடாது. கீரையை அடியோடு விட வேண்டாம். ஒருநாள் கட்டுக்கட்டாக, மறுநாள் ஒன்றுமில்லை என்று உண்பதே அளவைக் குலைக்கும். கரு நின்றதாகத் தோன்றினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். வார்பரின் சிசுவுக்குத் தீங்கு. அதற்குப் பதில் ஹெப்பாரின் ஊசியும் ஆஸ்பிரினும் கொடுப்பார்கள். இப்படிச் சுகப்பிள்ளை பெற்ற தாய்மார் பலருண்டு.

முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ தாமதியாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். வார்பரின் உண்போரில் பலருக்கு அந்த ஊசி ஆகாது.