மலையூரில் கூடுகிறவர்களும் வரப்பில் நிற்கிற நாமும்



சுவிட்சர்லாந்து நாட்டில் டாவோஸ் என்று ஒரு மலையூர். உலகப் பொருளாதார மன்றம் 1971 முதல் பெரும்பாலும் அங்கேதான் கூடுகிறது, அதுவும் பெரும்பாலும் நம்ம பொங்கலை ஒட்டி. அதிபர்கள், பிரதமர்கள், கம்பெனி முதலாளிகள், மதத் தலைவர்கள்கூட வருகிறார்கள். சட்டம் போடும் அதிகாரம் அந்த மன்றத்துக்குக் கிடையாது. ஆனால் சட்டம் போடுகிறவரும், அதனால் லாபம் பார்க்கிறவரும் ஒரே மேஜையில் உட்காருகிறார்கள். ரெண்டு ஏக்கர்க்காரனை அங்கே யாரய்யா கூப்பிடப்போறாங்க?

2014-ல் போப் பிரான்சிஸ் அந்தக் கூட்டத்துக்குச் செய்தி அனுப்பினார். பணம் மனிதனுக்கு ஊழியம் செய்யணும், மனிதனை ஆளக்கூடாது என்றார். நல்ல வார்த்தைதான். ஆனால் 2018-ல் என்ன நடந்தது? பேயர் கம்பெனி சுமார் 6,300 கோடி டாலருக்கு மான்சாண்டோவை வாங்கியது. விதையும் அவனுடையது, களைக்கொல்லியும் அவனுடையது!

அப்போ நாம் ஒன்றும் செய்ய முடியாதா? முடியும். 2003-ல் மெக்சிகோவின் கான்கூனில் உலக வர்த்தக அமைப்பு கூடியபோது, கொரிய விவசாயத் தலைவர் லீ கியுங்-ஹே போராட்டக் களத்திலேயே உயிரை விட்டார். உயிரை விடுவது நம் வழி அல்ல. ஒன்றாக நிற்பதே வழி. அங்கே இந்தியா, பிரேசில் போன்ற நாடுகள் சேர்ந்து நின்றன, பேச்சுவார்த்தை முறிந்தது. 2020-ல் டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்தார்கள். 2021-ல் மூன்று வேளாண் சட்டங்களும் வாபஸ் ஆயின.

உற்பத்திச் செலவோடு 50 சதவீதம் சேர்த்து விலை கொடு என்று சுவாமிநாதன் ஆணையம் 2006-லேயே சொல்லிவிட்டது. அதைச் சட்டமாக்கு என்கிறோம்.

அவர்கள் மலையில் கூடட்டும். நாம் ஊர் ஊராகக் கூடுவோம்!