ரோட்டையும் விசாரியுங்கள்

விபத்து நடந்ததும் நாம முதல்ல என்ன கேட்கிறோம்? லாரிக்காரர் மேல தப்பா, பைக்குக்காரர் மேல தப்பா? ரோட்டு மேல தப்பிருக்கான்னு யாராவது கேட்டோமா? கேட்கிறதுக்குன்னே ஒருத்தர் இருக்கார். சாலைப் பாதுகாப்புத் தணிக்கையாளர். ரோட்டை வரைஞ்சவரும் இல்ல, போட்டவரும் இல்ல, வெளியாள். பகல்ல பார்த்த இடத்தையே ராத்திரியிலும் போய்ப் பார்ப்பார்.

எனக்கு ஒருத்தரைத் தெரியும். பேரைச் சொன்னா நாளைக்கு அவருக்கு யாரும் வேலை கொடுக்க மாட்டாங்க. நாலுவழிச் சாலை, நடுத்திட்டு வெட்டுல திடீர்னு குந்தி உட்கார்ந்துட்டார். "மயக்கமுங்களா சார்?"னு ஓடினேன். "இல்லீங்க, அஞ்சு வயசுக் குழந்தை உசரத்துல இருந்து பார்க்கறேன்"னார். நானும் உட்கார்ந்தேன். கண்ணு முன்னால அரளிச்செடி! வர்ற கார் தெரியல. கார்க்காரருக்குக் குழந்தை தெரியுமா? வெட்டை ஒட்டின செடியைக் கழிச்சு விடச் சொல்லி எழுதிக் கொடுத்தார். ஒரு ஆள், ஒரு அரிவாள், அரை நாள் வேலை! அறிக்கை ஃபைலுக்குள்ள போச்சு. அரளி இன்னும் பூத்துக்கிட்டிருக்கு.

2022-ல தமிழ்நாட்டுல 64,000 விபத்துக்கு மேல. எண்ணிக்கையில இந்தியாவுக்கே நாமதான் முதல். போன உயிர் 17,000-க்கு மேல!

சிலர் இருக்காங்க, ஜனவரியானா ஹெல்மெட் ஊர்வலம், போட்டோ. ஹெல்மெட் போடணும், நூத்துக்கு நூறு சரி! ஆனா தகரத் தடுப்போட நுனி மண்ணுக்குள்ள இறங்காம ரோட்டைப் பார்த்து நீட்டிக்கிட்டு நிக்குதே, அது எந்த ஹெல்மெட்டுக்குப் பயப்படும்? ஊர்வலம் போன வழியிலதானே ஐயா நிக்குது! குனிஞ்சு பார்த்தீங்களா? எங்க ஆள் குனிஞ்சு பார்த்தார்!

நம்ம கோவையில எலும்பு முறிஞ்சு வந்தவங்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ராஜசேகரன், சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல உச்ச நீதிமன்றப் படியேறினார். 2017 நவம்பர் 30-ல உத்தரவு வந்தது: 5 கிலோமீட்டரும் அதுக்கு மேலயும் உள்ள புது ரோடுன்னா வரைபடத்துலயே தணிக்கை. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துல 198ஏ பிரிவு வந்தது. விதிப்படி ரோடு போடாம உயிர் போனா, ஒப்பந்தக்காரருக்கு 1 லட்சம் வரை அபராதம். ஒரு உயிருக்கு 1 லட்சமான்னு நான் கேட்கிறேன். அதையாவது வாங்குங்கன்னும் கேட்கிறேன்!

ஃபைலுக்குள்ள போன அந்தத் தணிக்கை அறிக்கையை வெளியே வைக்கச் சொல்லி வாசல்ல மனு இருக்கு. கையெழுத்துப் போடாம ஒருத்தரும் வண்டி எடுக்காதீங்க.