நசுங்கிய காரும் நமது பெயரும்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது பழமொழி. விபத்தில் நசுங்கிய மோட்டார் காருக்கும் இது ஓரளவு பொருந்தும். ஆயினும் அப்பொன்னைத் தருபவர் எதனை விரும்பித் தருகிறார் என்று அறிந்த பின்னரே நாம் கைநீட்டுதல் வேண்டும்.

செப்பனிடும் செலவு, காப்பீட்டுப் பத்திரத்தில் குறித்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அவ்வண்டி முழு நட்டம் எனக் கொள்ளப்படும். இனி ஓடாது என்பது இதன் பொருளன்று. செப்பனிடுதல் காப்பீட்டாருக்குக் கட்டுப்படியாகாது என்பதே பொருள். ஆகவே சிதைந்த வண்டியை வாங்கிப் பட்டறையில் உயிர்ப்பிப்போர் உளர். அதில் தவறில்லை.

நாம் ஆசையுடன் மாற்றியமைத்த வண்டியாயின் சிக்கல் இரட்டிக்கும். காப்பீட்டு மதிப்பு, உற்பத்தியாளர் விலையில் தேய்மானம் கழித்து வருவது. தனியே அறிவித்துக் கட்டணம் செலுத்தாத உபரிப் பொருள்கள் அக்கணக்கில் சேரா. மேலும், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் வகுத்த அடிப்படை அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019-இல் இதனை வலியுறுத்தியது. எனவே என்னென்ன மாற்றினோம், அடிச்சட்டம் வளைந்ததா, காற்றுப்பைகள் விரிந்தனவா என்பவற்றை வாங்குபவருக்கு எழுத்திலேயே கொடுத்துவிடுவது நேர்மை. அவ்வண்டியில் நாளை ஒரு குடும்பம் ஏறும் அன்றோ?

இதனினும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. சிலர் வாங்குவது இரும்பையன்று, காகிதத்தை. நசுங்கிய வண்டியின் அடிச்சட்ட எண்ணை, அதே வகையான திருட்டு வண்டியில் பொறித்து, நமது பதிவுச் சான்றிதழுடன் விற்றுவிடுவர். வண்டி இனிப் பயன்படவே படாது எனில், 55-ஆம் பிரிவின்படி 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்திற்கு அறிவித்துப் பதிவை நீக்கச் செய்தல் நமது கடமை.

செப்பனிடத் தக்கதாக விற்போமாயின், பெயர் மாற்றம் முடியும் வரை நாம் ஓயலாகாது. பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளர். வண்டி பல கை மாறியிருப்பினும் விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு அவரையே சாரும் என உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டுப் பதிவெண்ணுடன் தில்லியிலோ பம்பாயிலோ வாழும் நமக்கு இது இருமடங்கு கவலை. வேற்று மாநிலத்தில் பெயர் மாற்ற, முதலில் பதிந்த அலுவலகத்தின் தடையின்மைச் சான்றிதழ் தேவை. ஊர் தொலைவென்று சோம்பி, கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களை இடைத்தரகரிடம் ஒப்படைத்தல் கூடவே கூடாது.

வண்டி கைமாறும் நாளிலேயே நமது பெயரும் அதனின்று நீங்க வழி செய்வோமாக.