கைது செய்யும் கை கணக்கும் சொல்ல வேண்டும்

 

காவலரின் அதிகாரமும் கடமையும் பற்றிப் பேசப் பணித்தீர்கள். அதைப் பேச ஹனூரைவிடப் பொருத்தமான ஊரை நான் அறியேன். 1997 வரை மைசூரு மாவட்டத்திலும், அதன்பின் சாமராஜநகர் மாவட்டத்திலும் இருக்கும் இந்தப் பகுதி, 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் திருத்தப்படும்வரை கோயம்புத்தூர் மாவட்டத்துக் கொள்ளேகால் தாலுகாவைச் சேர்ந்திருந்தது. சென்னை மாகாணத்தின் காவல் வரலாறு இம்மண்ணின் வரலாறும்தான்.

கிட்டியும் அண்ணாந்தாளும்

சென்னை மாகாணத்தில் 1859க்கு முன் வரி தண்டும் அதிகாரமும் காவல் அதிகாரமும் ஒரே கையில் இருந்தன. குடியானவனிடம் பணம் கறக்கவும், பிடிபட்டவனிடம் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் ஒரே வழி கையாளப்பட்டது. மரக்கட்டைகளுக்கிடையே விரல்களை நெரிப்பது கிட்டி. கழுத்தையும் காலையும் இழுத்துக் கட்டிக் குனிந்தபடி வெயிலில் நிறுத்துவது அண்ணாந்தாள். சென்னை மாகாணச் சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் 1855இல் இவற்றை அறிக்கையில் பதிவு செய்தது. 1859இல் மாகாணத்துக்குத் தனிக் காவல் சட்டம் வந்தது.

1861ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், காவல் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியாகாது என்றது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவில் அதையே உறுதி செய்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் 23ஆம் பிரிவாக அது நிற்கிறது. இந்தத் தடை காவலரை அவமதிக்க வந்ததென்று சிலர் வருந்துவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடித்து வாங்கிய சொல்லே வழக்கை முடித்துவிடும் என்றால், தடயம் தேடி யார் வெயிலில் அலைவார்கள்? நல்ல புலனாய்வாளரை வளர்த்ததே இந்தத் தடைதான்.

வேலி அகன்ற காலம்

1987இல் வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடா இந்த வேலியை அகற்றியது. காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ளவர் பதிவு செய்யும் வாக்குமூலம் சாட்சியாகும் என்றது அதன் 15ஆம் பிரிவு. சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனைத் தேடும் வேட்டை நம் காடுகளில் முற்றியதும் அந்தக் காலத்தில்தான்.

காவலர் பட்ட துன்பத்தை முதலில் சொல்ல வேண்டும். 1992 மே மாதம் ராமாபுரம் காவல் நிலையம் தாக்கப்பட்டுக் காவலர்கள் மாண்டனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று மீண்யம் அருகே கண்காணிப்பாளர் ஹரிகிருஷ்ணாவும் உதவி ஆய்வாளர் ஷகீல் அகமதுவும் பதுங்கியிருந்தவர்களின் குண்டுகளுக்குப் பலியானார்கள். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு கண்ணிவெடியில் 22 பேர் இறந்தனர். கடமையில் உயிர் கொடுத்தவர்களுக்கு நாம் என்றும் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் அந்தத் துயரத்தின் கணக்கு, காட்டோரத்து ஏழைகளின் உடம்பில் தீர்க்கப்பட்டது. மாதேஸ்வரன் மலையில் அதிரடிப்படை வைத்திருந்த விசாரணை முகாமை மக்கள் இன்றும் 'ஒர்க்‌ஷாப்' என்றே சொல்கிறார்கள். தடா வழக்கில் மைசூரு சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களில் பெரும்பாலோரை 2001இல் நீதிமன்றம் விடுவித்தது. தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் அமைத்த நீதிபதி சதாசிவா குழு இரு மாநிலத்துச் சிற்றூர் மக்களின் வாக்குமூலங்களைக் கேட்டது. 2007 ஜனவரியில் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. வேலி போடப்பட்ட காரணத்தை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சட்டம் தரும் பாதுகாப்புகள்

1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள் பலவும் இன்று சட்டப் பிரிவுகளாகவே உள்ளன. கைது செய்பவர் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளம் அணிய வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தாரோ ஊர்க்காரர் ஒருவரோ சாட்சிக் கையொப்பமிட வேண்டும். காரணத்தைக் கைதானவரிடமும், வைத்திருக்கும் இடத்தை அவர் சொல்லும் உறவினரிடமும் தெரிவிக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். விசாரணைக்காகப் பெண்களையும், 15 வயதுக்குக் கீழான, 60 வயதைத் தாண்டிய ஆண்களையும் வீட்டைவிட்டு வேறிடத்துக்கு வரச் சொல்லக் கூடாது.

பிடியாணையின்றிக் கைது செய்யும் பெரிய அதிகாரத்தைக் கொடுத்த சட்டமே, அதே மூச்சில் இந்தக் கணக்கையும் கேட்கிறது. அதிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கை விட்டுவிட்டால், கைது கடத்தலாகிவிடும்.

ஒரு படம்

கோபிநத்தத்தில் மாரியம்மன் கோயில் எழ உழைத்தவர் வன அதிகாரி பி. ஸ்ரீனிவாஸ். காவலர் அல்லர், ஆனாலும் கைது அதிகாரம் கொண்டவர். ஊரோடு பழகி, உதவி செய்து, வீரப்பன் கூட்டத்தாரில் சிலரைச் சரணடைய வைத்தவர். வீரப்பனும் சரணடைவான் என்று நம்பிச் சென்ற இடத்தில் 1991 நவம்பர் 10 அன்று கொல்லப்பட்டார். வீரப்பன் பிறந்த அந்த ஊரே அவர் படத்தைக் கோயிலில் வைத்துப் போற்றுகிறது. பயத்தால் பெற முடியாத இடம் அது.

இங்கே வந்திருக்கும் காவல் துறை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கைதுக் குறிப்பை எழுதுங்கள், அது உங்களையும் காக்கும். ஊர் மக்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுப் பிள்ளையை அழைத்துச் சென்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள். யார் அழைத்துப் போகிறார்கள்? எதற்காக? எங்கே வைத்திருப்பார்கள்? பணிவாகக் கேளுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள். அது உங்கள் உரிமை. பதில் சொல்வது அவர்கள் கடமை.