ஒரே கரை, ஒரே நோட்டு

(ஆண்டிபட்டியில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போய்ப் பாடம் நடத்துவதைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். ஆண்டிபட்டிக்குப் பக்கத்திலேயே வைகை அணை இருக்கிறது. நம் பிள்ளைகளில் அணைப் பூங்காவைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் ஆற்றில் என்னென்ன பறவைகள் இருந்தன என்று கேட்டால், பலருக்கும் ‘கொக்கு’ என்பதோடு பதில் முடிந்துவிடும். ஆண்டுக்கு ஒரு நாள் சுற்றுலாவில் அவ்வளவுதான் கண்ணில் படும். ஆகவே நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள், பார்த்ததை எழுதி வையுங்கள்.

சென்னையில் அடையாறு கழிமுகத்தை ஒட்டித் தொல்காப்பியப் பூங்கா இருக்கிறது. கட்டட இடிபாடுகளும் குப்பையும் குவிந்து கெட்டுப்போயிருந்த 58 ஏக்கர் நிலம் அது. குப்பையை அகற்றி, நீர் வந்து போக வழி செய்து, அந்த மண்ணுக்குரிய மரம் செடிகளை நட்டு, 2011 ஜனவரியில் திறந்தார்கள். பள்ளி மாணவர்களை வழிகாட்டிகளோடு நடக்க வைத்து, கழிமுகத்தின் உயிர்களைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கும் இடமாகவே அதை அமைத்தார்கள். கெட்டுப்போன ஆற்றங்கரையும் வகுப்பறை ஆகலாம் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உள்ள சான்று இது.

திரும்பத் திரும்பப் பார்ப்பதால் என்ன பயன்? அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1997-ல் ஒரு நீண்டகால ஆய்வு தொடங்கியது. ஓடைகளில் குறித்த இடங்களில் வாரந்தோறும் நீர் எடுத்துச் சோதித்தார்கள். கரையோர ஈரமண் நீரில் உள்ள நைட்ரேட்டைக் குறைக்கும் என்பது பொதுவாக அறிந்த செய்தி. நகர ஓடைகளில் அது சரியாக நடக்கவில்லை. மழைநீர் வேகமாகப் பாய்ந்து ஓடையின் படுகையை அரித்து ஆழமாக்கியிருந்தது. அதனால் நிலத்தடி நீர்மட்டம் இறங்கி, கரை காய்ந்துவிட்டது. காய்ந்த கரையால் அந்த வேலையைச் செய்ய முடியவில்லை. ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது.

நமக்கு ஆய்வகம் வேண்டாம். ஒரு நோட்டுப் போதும். மாதம் இருமுறை, அதே இடம், அதே நேரம், அரை மணி நேரம். நீர் ஓடுகிறதா, தேங்கி நிற்கிறதா, வற்றிவிட்டதா? நிறம் என்ன, நாற்றம் உண்டா? நீர்க்காகம், மீன்கொத்தி, வாலாட்டி எத்தனை? தட்டான் பறக்கிறதா? ஆகாயத் தாமரை எதுவரை படர்ந்திருக்கிறது? பெயர் தெரியாத பறவையை வரைந்து வைக்கட்டும். பெயரைப் பிறகு தேடிக்கொள்ளலாம். ஒன்றுமே தென்படாத நாளில் ‘0’ என்று எழுதச் சொல்லுங்கள். அந்தச் சுழியமும் தகவல்தான்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எண்ணட்டும், வரையட்டும். உயர்நிலை வகுப்பினர் அதையே வரைபடத் தாளில் குறிக்கட்டும். குளிர்காலத்துக்கு வலசை வரும் பறவைகள் எந்த மாதம் வந்தன, எந்த மாதம் போயின என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். நம் பகுதியில் கேட்பதற்கு இன்னொரு நல்ல கேள்வி உண்டு: இங்கே மழையே இல்லாத நாளில் அணைக்கு நீர் எப்படி வருகிறது? அந்தக் கேள்வி மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி, 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை வரை பிள்ளைகளை அழைத்துப் போகும். புவியியலும் வரலாறும் ஒரே கேள்வியில் வந்துவிடுகின்றன.

இனி, உங்கள் மனதில் இருக்கும் அச்சத்துக்கு வருகிறேன். ‘பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?’ அந்த அச்சம் நியாயமானது. அணைக்குக் கீழே நீர் திடீரென்று கூடும். வைகை அணையின் முழு மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது விடுக்கப்படுகிறது. இந்த எண்களை வகுப்புச் சுவரில் எழுதி, அன்றாட நீர்மட்டத்தைச் செய்தித்தாளில் பார்த்துக் குறிக்க வையுங்கள். எச்சரிக்கை இருக்கும் நாளிலும், நீர் திறந்துவிடும் நாளிலும் போக வேண்டாம். மற்ற நாட்களிலும் ஆற்றுக்குள் இறங்குவதே கூடாது. தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோரின் ஒப்புதல், உடன் வரப் போதிய பெரியவர்கள் – இவை இல்லாமல் புறப்பட வேண்டாம். பறவையைப் பார்க்கக் கரைமேல் நின்றாலே போதும்.

ஆறு தொலைவில் உள்ள பள்ளிகள் தங்கள் ஊர்க் கண்மாய்க் கரையையோ ஓடைப் பாலத்தையோ எடுத்துக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் பள்ளி வளாகத்து வேப்பமரம் இருக்கிறது. ‘சீசன்வாட்ச்’ என்ற திட்டத்தில் ஒரே மரத்தை வாரந்தோறும் பார்த்து, தளிர், பூ, காய் எப்போது வருகின்றன என்று குறிக்கிறார்கள். கேரளத்தில் பள்ளி மாணவர்களே இதில் பெருமளவு பங்கெடுக்கிறார்கள். நம் மாநிலத்தில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் பறவைகளை எண்ணி இணையத்தில் பதிவு செய்தால், நம் பிள்ளைகளின் எண்ணிக்கையும் அதில் சேரும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஆற்றிலிருந்து ஓர் உயிர் போய்விட்டது என்பது தெரிய வேண்டுமானால், அது முன்பு இருந்தது என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். தாத்தா பார்த்த ஆறு வேறு, அப்பா பார்த்த ஆறு வேறு. பேரனோ தான் பார்க்கும் ஆற்றையே ஆறு என்று நினைத்துக்கொள்கிறான். சாக்கடை கலக்கிறது, மணல் குறைகிறது என்று நாளை கிராம சபையில் எழுந்து பேசப் போகிறவர்கள் இந்தப் பிள்ளைகள்தான். அப்போது அவர்கள் கையில் பத்து ஆண்டுக் கணக்கு இருந்தால், அந்தப் பேச்சுக்கு எடை இருக்கும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நோட்டைத் தொடங்குங்கள். அட்டையில் மாணவர் பெயர் வேண்டாம். இடத்தின் பெயரை எழுதுங்கள். ஆண்டு முடியும்போது அந்த நோட்டை அடுத்து வரும் வகுப்பிடம் ஒப்படையுங்கள். நீங்கள் பணிமாறுதலில் போனாலும் நோட்டு அந்தப் பள்ளியிலேயே இருக்கட்டும்.